பட்டுக்கொடி கட்டிய கப்பல்

கரைகளில் கலங்கரை விளக்கம் எழும்பாத காலம் அது. கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே! கீழைக் கடலோரத்தில் பெருநம்பி என்றொரு வணிகன் இருந்தான். கொடுப்பதில் அவன் கை நீளம். கேட்பதில் அவன் நாக்குக் குட்டை. வழி தெரியாவிட்டால்கூட யாரையும் கேட்க மாட்டான். தெரிந்தவன்போல் நடந்து, வேறு ஊருக்குப் போய்ச் சேருவான். ‘பெருநம்பிக்கே குறையா?’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே!

ஒருநாள் உச்சிவேளையில் அவன் கப்பல் நடுக்கடலில் பாறைமேல் மோதியது. அடிப்பலகை பிளந்தது. மாலுமிகள் இறைக்க இறைக்க நீர் ஏறியது. உள்ளே முப்பது உயிர்கள்.

கப்பலோட்டி மருதன் ஓடிவந்தான். “ஐயா, தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. பாய்மரத்தில் கறுப்புத் துணி கட்டுவோம். ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள்.”

“கறுப்பா? என் கப்பலிலா? மஞ்சள் பட்டுத் துணியைக் கட்டு. கண்ணிலும் படும், கௌரவமாகவும் இருக்கும்.”

கட்டினார்கள். கண்ணிலும் பட்டது. அந்தக் கப்பல்காரர்கள், ‘யார் வீட்டுக் கல்யாணமோ!’ என்று மகிழ்ந்து, தாங்களும் ஒரு கொடியை ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

நீர் கணுக்காலுக்கு வந்தது. இரண்டாவது கப்பல் தெரிந்தது.

“ஈர வைக்கோலைக் கொளுத்திக் கரும்புகை எழுப்புவோம், ஐயா!”

“நாறுமே! அகில் கட்டையைப் போடு.”

புகை மணக்க மணக்க எழுந்தது. அந்தக் கப்பலில் இருந்தவர்கள், ‘கடல் தெய்வத்துக்குப் பூசை நடக்கிறது’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசைக்கு இடைஞ்சல் செய்யலாமா? மரியாதையாக விலகிப் போனார்கள்.

நீர் முழங்காலுக்கு வந்தது. மூன்றாவது கப்பல் கூப்பிடு தூரத்துக்கே வந்துவிட்டது. அது சேந்தனுடைய கப்பல். முப்பது ஆண்டுகளாகப் பெருநம்பிக்குப் போட்டி வணிகன் அவன். பெருநம்பி கப்பலின் விளிம்புக்கு வந்தான். உயிர் பெரிதா, மானம் பெரிதா? உயிர்தான் என்று முடிவு செய்து வாயைத் திறந்தான்.

“என்ன பெருநம்பியாரே, நலமா?” என்று அதற்குள் சேந்தன் குரல் கொடுத்தான்.

பழக்கம் முந்திக்கொண்டது. “நலமே நலம்! ஒரு குறையும் இல்லை!”

சேந்தன் கைகூப்பிவிட்டுத் திரும்பினான். மருதனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முதலாளியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கப்பலின் விளிம்பில் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“பொய், ஐயா, பொய்! மூழ்குகிறோம்! காப்பாற்றுங்கள்!”

ஒரே கூப்பாடுதான். கயிறுகள் பறந்து வந்தன. முப்பது பேரும் சேந்தனின் கப்பலில் ஏறினார்கள். பெருநம்பியின் கப்பல் பட்டும் அகிலுமாகக் கடலடிக்குப் போனது.

சேந்தன் எல்லாருக்கும் தன் கையாலேயே சூடாகக் கஞ்சி ஊற்றினான். மாலுமிகள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பெருநம்பியின் கலயம் ஒரே மூச்சில் காலியானது. பசியோ இன்னும் குடலைப் பிடுங்கியது.

“இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?” என்று கேட்டான் சேந்தன்.

“வேண்டாம், வேண்டாம். வயிறு நிறைந்துவிட்டது.”

சேந்தன் அதை நம்பி, அடுத்தவனிடம் போய்விட்டான்.

ஆபத்தில் வாய்விட்டுக் கேளாதவனை, அருகில் நிற்பவனாலும் காப்பாற்ற முடியாது.