கோடு தாண்டி வந்த அலை

தாய்லாந்தில் ஒரு கடற்கரை ஊருக்குக் கபடி ஆடப் போயிருந்தது அந்தக் கல்லூரி அணி. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஓய்வு. கடலைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது என்பது கோச் தணிகாசலத்தின் கட்டளை. கபடி ரூலே தான்தான் என்று சொல்லித் திரிகிறவர் அவர். மணலில் குடை நுனியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"இதைத் தாண்டுறவன் நாளைக்கு ஆட மாட்டான்."

பையன்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏக்கத்தோடு நின்றார்கள். கோச்சும் பக்கத்திலேயே காவல் நின்றார். சாயங்காலம் பெரிய அலை ஒன்று கோட்டைத் தாண்டி வந்து, எல்லார் காலையும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒருநாளும் களத்தில் இறக்கப்படாத மாற்று ஆட்டக்காரன் இருளப்பன் சட்டையைக் கழற்றினான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"கடல் நம்ம பக்கம் ஏறி வந்துச்சு, சார். எல்லாரையும் தொட்டுட்டுத் தன் பக்கம் போயிடுச்சு. யாரும் பிடிக்கல. அப்ப நாங்க எல்லாரும் அவுட்டுதானே?"

கோச் குடையை மணலில் ஊன்றினார்.

"அவுட்டானவன் கோட்டுக்குள்ள நிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. வெளிய போய் இருக்கிறது இவங்களுக்குப் புதுசு, சார். எனக்குப் பழக்கம். நான் கூட்டிட்டுப் போறேன்."

கோச் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அதுவும் நனைந்திருந்தது. மெல்ல உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.