முகராத மல்லிகை

உப்பளநாதர் எழுந்தருளியிருக்கும் உவர்மங்கலத்திலே உப்பு வாரிப் பிழைத்தவர் வெள்ளச்சியம்மையார். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு உப்புப் பாத்தியே அவருக்குக் கதி. வெயிலில் வெந்து, உப்பில் கால் வெடித்து, மாலையில் கரையேறும்போது கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். "அப்பனே, நான் வளத்த பூவு ஒன் தோளுல ஏறணும். ஒரே ஒரு நாளு போதும்" என்பார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

விலைக்குப் பூ வாங்கிச் சாத்த வழியில்லை. ஆகவே குடிசையைச் சுற்றி நந்தவனம் போடத் துணிந்தார். உப்பு மண்ணில் நந்தவனம்! ஊர் சும்மா இருக்குமா? "வெள்ளச்சிக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு" என்றார்கள். "அடியே, கருவேலமே காயுற எடத்துல மல்லி பூக்கப்போவுதாம்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்த வாய்களின் வீட்டு வாசலில் ஒரு துளசிச் செடிகூட உயிரோடு நின்றதில்லை என்பதையும் சொல்லிவைப்போம்.

அம்மையார் இடுப்பளவு குழி தோண்டி உவர்மண்ணை வாரிக் கொட்டினார். வேலை முடிந்து வரும் வழியில் குளத்து வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நிரப்பினார். முதல் வருஷம் வைத்த கனகாம்பரம் கருகியது. அடுத்த வருஷம் அரளி மட்டும் பிழைத்தது. அதற்கும் அடுத்த வருஷம் புயலில் கடல்தண்ணீர் உள்ளே புகுந்து அந்த அரளியையும் கொண்டுபோயிற்று. அன்று அவர் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கூடையை மறுபடியும் தூக்கினார். குளத்து நீரைக் குடத்தில் கொணர்ந்து, தாம் குடிக்கும் முன்னே செடிக்கு ஊற்றினார். வேலியோரம் வைத்த கொடிமல்லி வேர்பிடித்து, பந்தலேறி, சில வருஷம் கழித்துப் பாதைக்கு மேலும் கவிந்து பூக்கத் தொடங்கியது.

சாமிக்கு ஆகும் பூவை மனிதர் முகரக்கூடாது என்பது வழக்கம். முகர்ந்துவிட்டால் அது எச்சில். அம்மையாரோ பூப்பறிக்கும்போது மட்டுமல்ல, மொட்டு விட்ட நாள்முதல் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டார். தாம் வளர்த்த மல்லிகை எப்படி மணக்கும் என்று அவருக்கே தெரியாது. அதற்கும் கேலிதான். "மொத வாசம் அவருக்கு. அவரா குடுத்தா அப்புறம் எனக்கு" என்பார் அம்மையார்.

கோயில் தர்மகர்த்தா அம்பலவாணன். அவனை ‘அவர்’ என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆளுயர ரோஜா மாலை சாத்துவான்; சாத்திவிட்டு, ஊர் பார்த்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். சாமி பார்த்தாரா என்ற கவலை அவனுக்கு ஏது? அம்மையார் தம் முதல் மாலையைத் தாமரை இலையில் ஏந்தி வந்த அன்று அவன் குறுக்கே நின்றான். மாலையைப் பிடுங்கினான். எல்லாரும் பார்க்க மூக்கில் வைத்து உறிஞ்சினான்.

"தூ! கருவாட்டு நாத்தம். இனிமே இந்தப் பூவு வாசல் தாண்டப்படாது" என்றான். கூட நின்ற ஜால்ராக்கள் ஈயென்று இளித்தார்கள்.

"ஐயோ, மோந்துட்டீங்களேய்யா!" என்றார் அம்மையார். அத்தனை வருஷப் பாடும் ஒரு மூச்சில் எச்சிலாகிப் போயிற்று. நெஞ்சு வெடிக்க வீடு திரும்பினார். அன்றிலிருந்து அவர் பூப்பறிக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவுமில்லை, கட்டிய துணியை அவிழ்க்கவுமில்லை. "எப்ப வாங்கிக்கிறதுன்னு அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

சாமி கடலாடப் போகும் மாசிமகம் வந்தது. பல்லக்கு அம்மையாரின் வேலியை ஒட்டித்தான் போகவேண்டும். அம்பலவாணன் தன் ரோஜா மாலையைச் சாத்திவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு முன்னே நடந்தான். வேலியருகே வந்ததும் மாலை நாரறுந்து சேற்றில் விழுந்தது. பல்லக்குச் சுமந்தவர்கள் ஓரடி எடுத்துவைக்க முடியாமல் தோள் கனத்து நின்றார்கள். காற்றில்லை, இருந்தும் பந்தல் குலுங்கியது. எவர் கையும் பறிக்காத, எவர் மூக்கும் தீண்டாத மல்லிகை பொலபொலவென்று உப்பளநாதர் தோளெங்கும் சொரிந்தது.

"அடேயப்பா, என்னா வாசம்!" என்று ஊரே சிலிர்த்தது.

"எங்கய்யா வாசம்? எனக்கு ஒண்ணும் வரலியே!" என்றான் அம்பலவாணன். பூவை அள்ளி மூக்கில் திணித்துப் பார்த்தான். ம்ஹும். அன்று அவனோடு இளித்த ஜால்ராக்கள் இன்று அவனைப் பார்த்து இளித்தார்கள். சாமி மாலையை உறிஞ்சிய அந்த மூக்கு, சாகும்வரை சாம்பிராணியையும் அறியவில்லை, கருவாட்டையும் அறியவில்லை.

குருக்கள் சாமி தோளிலிருந்து ஒரு பூவை எடுத்து, வேலிக்குள் நின்ற அம்மையாரிடம் நீட்டினார். "அம்மா, அவர் வாங்கிண்டுட்டார். இனிமே இது பிரசாதம். அந்தத் துணியை அவிழுங்கோ."

அம்மையார் முடிச்சை அவிழ்த்தார். பூவை மூக்கருகே கொண்டுபோனார். "இப்படியாப்பா இருந்துச்சு!" என்று சாமியைப் பார்த்துக் கேட்டு, தேம்பித் தேம்பி அழுதார். பல்லக்கு இலேசாகிக் கடலை நோக்கி நகர்ந்தது.

உப்பு மண்ணில் மணத்தை வளர்த்து, இறைவனுக்கு முந்தி அதைத் தாம் அறியாமல் காத்த வெள்ளச்சியம்மையாரின் வெடித்த பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும்.