குருவாயி குரல்

ஒரு மலையில ஒரு அப்பன் இருந்தாரு. பேரு சடையன். "ம்" கொட்டு சாமி, இல்லேன்னா அத்தைக்குக் கதை வராது. ஆங், அப்படித்தான்.

அந்தச் சடையனுக்குக் குருவாயின்னு ஒரு பொண்டாட்டி, சீரங்காயின்னு ஒத்தைப் பொண்ணு. பொண்ணை எதிர்மலையில கட்டிக் குடுத்தாங்க. கையை நீட்டினா தொட்டுரலாம் போலத் தெரியும் அந்த மலை. ஆனா நடுவால பள்ளம், பள்ளத்துல ஆறு. மழைக்காலம் வந்துட்டா ஹோ...ன்னு இரையும், யானைகூட இறங்காது. மழை விடுற வரைக்கும் இந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம்தான்.

அப்போ என்ன பண்ணுவாங்க? பொழுது சாயுற நேரம் குருவாயி பாறை மேல ஏறி நிப்பா. ஒரு காதைப் பொத்திக்குவா. "ஓஓஓய்...ஈ!"ன்னு ஒரு குரல் குடுப்பா. பேச்சு எட்டாது, குரல் எட்டும். அங்கிருந்து மக "ஓஓஓய்...ஈ!"ம்பா. நல்லா இருக்கியா, கஞ்சி குடிச்சியா, எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிரும். சடையன் மட்டும் கூப்பிட மாட்டாரு. அவரு குரல் கல்லு மேல கல்லைத் தேய்ச்ச மாதிரி கரகரன்னு இருக்கும். ஓரமா உக்காந்து கேட்டுக்குவாரு.

அப்புறம் சீரங்காயி முழுகாம இருந்தா. அதுக்கு முன்ன ரெண்டு கரு தங்கலை. இதாவது நிக்கணுமேன்னு எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கையில, சோ...ன்னு மழை பிடிச்சுக்கிச்சு. அந்த ஈரத்துல குருவாயிக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. கஷாயம் குடுத்தாங்க, சாமிக்குக் காசு முடிஞ்சு வச்சாங்க, எதுக்கும் கேக்கலை.

குருவாயி புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டா. "இந்தா பாரு, நான் போயிட்டா அவளுக்குச் சொல்லிராத. இதுவும் கலைஞ்சா அவ பொழைக்க மாட்டா. பிள்ளை பொறக்கட்டும்."

"உன் குரல் கேக்கலைன்னா தெரிஞ்சுருமே, புள்ளே?"

"நீ கூப்பிடு."

"நானா?"

"நீதான்."

அவ்வளவுதான் சாமி. விடியக்கருக்கல்ல போயிட்டா.

அன்னிக்குன்னு பாத்து மழை கொஞ்சம் வெறிச்சு, சத்தம் அந்தப் பக்கம் எட்டுற மாதிரி ஆயிருச்சு. ஊரே கூடுச்சு. சடையன் கையெடுத்துக் கும்பிட்டாரு. "மோளம் அடிக்காதீங்கய்யா, அந்தப் பக்கம் கேட்டுரும்." சரின்னாங்க. "ஒப்பாரி வைக்காதீங்கம்மா." பொம்பளைங்க முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க. பூனை நடக்குற மாதிரி கொண்டுபோயி அடக்கம் பண்ணினாங்க. அவரும் அழலை.

பொழுது சாஞ்சுது. பாறை மேல ஏறினாரு, காதைப் பொத்தினாரு. "ஓ...ஹ்..." குரல் உடைஞ்சு போச்சு. எதிர்மலையிலிருந்து ஒண்ணும் வரலை.

மறுநாளு வெந்நி குடிச்சுத் தொண்டையை நனைச்சுக்கிட்டுப் போனாரு. "ஓஓஓ..." கொஞ்சம் ஏறுச்சு, கடைசி "ஈ" வரலை. எதிர்மலை சும்மா கிடந்துச்சு. தெரிஞ்சுருச்சோ? இல்ல, அவளுக்கே ஏதும் ஆயிருச்சோ?

மூணாம் நாளு பகல் பூரா காட்டுக்குள்ள மாட்டுகிட்டயும் மரத்துகிட்டயும் கூப்பிட்டுப் பழகினாரு. குருவாயி எப்படிக் கழுத்தைச் சாய்ப்பா, எங்க மூச்சு வாங்குவா, எல்லாத்தையும் நெனச்சு நெனச்சுக் கூப்பிட்டாரு. பொழுது சாஞ்சதும் கண்ணை மூடிக்கிட்டு, "ஓஓஓய்...ஈ!"

காதைக் கூர்மையா வச்சுக்கிட்டு நின்னாரு.

அப்புறம் வந்துச்சு. மெல்லிசா, "ஓஓஓய்...ஈ!"

சடையன் அந்த ஈரப் பாறையிலயே படுத்துக்கிட்டாரு. கண்ணு, தூங்கிட்டியா? ம்... சரி.

அதுலயிருந்து தெனமும் கூப்பிட்டாரு, அவளும் பதில் குடுத்தா. மக நம்பிட்டான்னு ஒரு நிம்மதி, ஏமாத்துறோமேன்னு ஒரு குத்தல். அப்புறம் மழை விட்டுச்சு, ஆறு வடிஞ்சுது. தேனும் தினை மாவும் முடிஞ்சுகிட்டு, இடுப்பளவு தண்ணியில சளக் சளக்குனு கடந்து, மேல ஏறினாரு. வாசல்ல சீரங்காயி உக்காந்திருக்கா, மடியில பொம்பளைப் பிள்ளை, "ங்கா ங்கா"ன்னு அழுவுது.

எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு வந்தாரு. அதுக்குள்ள அவளே கேட்டா.

"அப்பா, அம்மாவை எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "உனக்கு எப்படிம்மா...?"

"மொத நாளே தெரியும்பா. உன் குரல் எனக்குத் தெரியாதா? அம்மா உசுரோட இருந்தா நீ பாறை ஏறிக் கூப்பிட்டிருப்பியா? ரெண்டு நாளு எனக்கு வாயே வரலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதுகிட்டே கிடந்தேன்."

"அப்புறம் எதுக்கு பதில் குடுத்தே?"

"நீ விடாம கூப்பிட்டியே. அங்க வீட்டுல உனக்கு யாரு இருக்கா? நானும் பேசலைன்னா நீ என்ன ஆவே?"

அப்போதான் சாமி அந்த மனுஷன் அழுதாரு. நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாரு. பிள்ளையை அவரு கையில குடுத்துட்டு அவளும் அழுதா.

அந்தப் பிள்ளை யாரு தெரியுமா? எங்க ஆயாவைப் பெத்தவ. அவ சொல்லி ஆயாவுக்கு, ஆயா சொல்லி எனக்கு, நான் சொல்லி உனக்கு.

சடையன் அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ஒத்தையா இருந்தாரு. பொழுது சாஞ்சா பாறைக்குப் போவாரு. பொண்டாட்டி குரல்ல இல்ல, தன்னோட கரகரக் குரல்லயே மகளைக் கூப்பிடுவாரு.

விளக்கும் மலையேறிருச்சு, கதையும் மலையேறிருச்சு. தூங்கு சாமி.