நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சுடலைமுத்து அண்ணாச்சி காய்கறி மண்டியில் நின்றால் சொத்தைக் கத்தரிக்காயும் விலை போகும். வாய் அப்படி. கோபமும் அப்படி. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியது ஐம்பத்தெட்டாம் வயதில்தான். ஊர் நூலகர் பொற்கொடி நடத்திய மாலை வகுப்பில் கற்றார். அவளுக்கு அவர் மகள் வயது. இருந்தாலும் குரு குருதான் என்று எழுந்து நின்றுதான் பேசுவார்.

அவர் முதன்முதலாக முழுசாய்ப் படித்து முடித்தது ஒரு சிறுவர் நாவல். ‘கிணற்றுக்குள் கப்பல்’. ஆமை முதுகில் ஏறிப் பாதாளக் கடலைத் தாண்டும் ஒரு சிறுமியின் கதை. ஊர்ப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றி அது நார் நாராய்க் கிழிந்து கிடந்தது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். தைத்தார், ஒட்டினார், புது அட்டை போட்டார். பக்கத்துக்குப் பக்கம் இருந்த பென்சில் கிறுக்கலையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து ரப்பரால் அழித்தார். புது மாப்பிள்ளை மாதிரி நூலகத்தின் முன்வரிசையில் நிறுத்தினார்.

அன்றோடு சரி. ஆறு மாதமாக ஒரு பிள்ளைகூட அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அந்த நூலகத்தில் இடம் குறைவு. ஆறு மாதம் யாரும் எடுக்காத புத்தகத்தை மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு வண்டி வருகிறது.

உள்ளே வந்த ஒரு சிறுமியை அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

“ஏட்டி, இதைப் படி. இப்படி ஒரு கதை ஏழு உலகத்துலயும் கிடையாது. எடுத்துட்டுப் போ!”

அவள் நடுவில் நாலு பக்கம் புரட்டினாள்.

“எங்க அண்ணன் சொன்ன புத்தகம் இது இல்லை தாத்தா.”

“அதேதாம்ட்டி! கப்பல் இருக்கு, ஆமை இருக்கு, வேற என்ன வேணும் உனக்கு?”

சிறுமி புத்தகத்தை வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய்ப் படக்கதை ஒன்றைப் புரட்ட உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி ‘கிணற்றுக்குள் கப்பலை’ எடுத்துப்போய்ப் பொற்கொடியின் மேசை மேல் வைத்துவிட்டு நின்றார்.

“தோத்துட்டேன் டீச்சர். நல்ல புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சொல்றது? தொண்டை கட்டினதுதான் மிச்சம்.”

பொற்கொடி முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

“எதை அழிச்சீங்க அண்ணாச்சி?”

“கிறுக்கலைத்தான்.”

“என்ன கிறுக்கல்?”

“அது கிடக்கு கழுதை. ‘இந்த மந்திரியை நம்பாதே’ன்னு ஒருத்தன். ‘நானும் பயந்தேன், பக்கத்தைத் திருப்பு’ன்னு ஒருத்தி. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல ஆமை மூழ்கும்லா, அங்க...”

குரல் இறங்கியது.

“அங்க?”

“‘அழாதே, ஆமை வரும்’னு கோணக் கோணலா எழுதியிருந்தது.”

“அந்தப் பக்கம் வந்தப்போ நீங்க என்ன செஞ்சீங்க?”

“மூடிப் போடப் போனேன். ஆமையைக் கொல்ற கதை எவனுக்கு வேணும்னு அப்படி ஒரு கோபம். அப்புறம் அந்த வரியைப் பார்த்தேன்.”

மேசை மேலிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்.

“அதைப் போயி அழிச்சிருக்கேன், பாவி.”

பொற்கொடி கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிப் புத்தகத்தின் மேல் வைத்தாள். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். ‘புத்தகத்தில் எழுதாதீர்.’ அவள் கையெழுத்தில் தொங்கும் அட்டை.

“எழுதலாமா டீச்சர்?”

“எழுதவே கூடாது அண்ணாச்சி” என்றாள் பொற்கொடி, செருப்பை மாட்டிக்கொண்டே. “நான் டீ குடிச்சிட்டு வரப் பத்து நிமிஷம் ஆகும்.”