செவலை இட்ட புது முட்டை

அந்தக் காலத்தில் கோழிகள் முட்டையிட்டுவிட்டுச் சத்தம் காட்டாமல் எழுந்து போய்விடும். மனிதரும் பிராணிகளும் ஒரே பாஷை பேசிய காலம் அது. உப்பளங்களை ஒட்டிய ஒரு கடலோர ஊரில், விதை நெல் வேண்டுமென்றால் பெருச்சாளியின் களஞ்சியத்துக்குத்தான் போகவேண்டும். வண்டி கட்டி வந்த பெரிய பண்ணைக்காரர்களுக்கு அது மணி மணியான நெல்லை அளந்தது. தலைச்சுமையாக வாங்கிப்போன ஏழைகளுக்குப் பாதியே பால் பிடித்த கருக்காயைக் கலந்து அளந்தது.

குருவம்மாளுக்கு அரைக்காணி நிலம். இரண்டு வருடமாக அவள் நாற்றங்கால் சொட்டைத் தலை மாதிரி முளைத்தது. இந்த வருடமும் அப்படியே ஆனால் நிலத்தை விட்டுவிட்டு உப்பளக் கூலிக்குப் போகவேண்டியதுதான். அவள் வாங்கி வந்த விதையை அவள் வளர்த்த செவலைக் கோழி ஒரு கொத்துக் கொத்தித் துப்பியது.

"பாதிக்குப் பாதி கருக்காய், ஆத்தா. எனக்கே வேணாம்."

இருவரும் விதையோடு களஞ்சியத்துக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. பெருச்சாளி கோபப்படவில்லை. விதையை வாங்கித் தொட்டித் தண்ணீரில் கொட்டியது. எல்லாம் மூழ்கியது.

"பாத்துக்க தங்கச்சி. பதரா இருந்தா மெதக்கணுமில்ல? கோழி பேச்சக் கேட்டுக்கிட்டு வந்துட்டியே!"

ஊர் சிரித்தது. அவமானத்தில் குருவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. செவலை அசரவில்லை.

"வெறுந் தண்ணியில அரைகுறையும்தான் முங்கும். போன கோடையில என் முட்டை உப்புப் பாத்தியில உருண்டு விழுந்துச்சு. போச்சுன்னு நெனச்சேன், மெதந்துச்சு. கூடச் சிந்துன நெல்லுல கருக்காய் மேல வந்துச்சு, நல்லது அடியில கெடந்துச்சு. ஒரு முட்டையப் போட்டு, அது மெதக்குற வரைக்கும் உப்பக் கரைங்க. குட்டு வெளிப்படும்."

"அதுக்கென்ன!" என்று பெருச்சாளி உள்ளே போய் ஒரு முட்டையைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டது. ஒரு பிடி உப்புக்கூட விழவில்லை, முட்டை மிதந்தது. விதை அடியிலேயே கிடந்தது.

"அது கூமுட்டை!" என்றது செவலை. "கெட்டுப்போனது எந்தத் தண்ணியிலயும் மெதக்கும். புது முட்டை வேணும்."

அந்த ஈற்றின் கடைசி முட்டை அதன் வயிற்றில் இருந்தது. உப்பில் ஊறினால் குஞ்சு பொரிக்காது என்றும் அதற்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் நடுவிலும் உட்கார்ந்து முட்டையிட்டது. யாரோ மாற்றிவைத்தது என்று பேச்சு வரக்கூடாதே! எழுந்து நின்று ஊர் அதிரக் கத்தியது.

"புதுசு! இப்பத்தான் இட்டது! தொட்டுப் பாருங்க, சூடு ஆறல!"

கூமுட்டையை எடுத்தெறிந்துவிட்டுக் குருவம்மாள் அந்த முட்டையைத் தொட்டியில் விட்டாள். மூழ்கியது. பிடிபிடியாக உப்பைக் கரைத்தாள். கடைசியில் முட்டை மெல்ல எழும்பித் தலைகாட்டியது. அதோடு பாதி விதையும் மேலே வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழைகள் எல்லோரும் நேரே களஞ்சியத்துக்குள் புகுந்து, பண்ணைக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்த நெல்லை அளக்க ஆரம்பித்தார்கள். பெருச்சாளி வளைக்குள் ஓடி ஒளிந்தது.

நல்ல விதையை உப்புப் போகத் தண்ணீரில் மூன்று முறை அலசிக்கொண்டே குருவம்மாள் சொன்னாள்: "உன் குஞ்சு போச்சே, செவலை."

"அடுத்த ஈத்துல பாத்துக்கலாம், ஆத்தா. நாத்து போனா உனக்கு அடுத்த வருசம் ஏது?"

அந்த வருடம் அரைக்காணியில் நாற்று பாய் விரித்த மாதிரி எழுந்தது. அன்று முதல்தான் கோழி முட்டையிட்ட கையோடு ஊருக்கே கேட்கக் கொக்கரிக்கிறது; விதை தேர்கிற உழவர்களும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உப்பைக் கையில் எடுக்கிறார்கள்.