தெளிந்த தண்ணீரும் வெள்ளைத் துண்டும்

சாயப்பட்டறை முதலாளி நல்லசிவம், தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்த ஆற்றுத் தண்ணீரை ஊர்க்கூட்டத்துக்குப் பானையோடு கொண்டுவந்தார். மேலாக ஒரு டம்ளர் மொண்டு, ஆற்றில் பட்டறைச் சாயம் கலக்கிறது என்று புகார் கொடுத்த மீன்காரி பவளாயியிடம் நீட்டினார்.

"இதுல என் சாயத்தைக் காட்டு. இல்லேன்னா புகாரை வாபஸ் வாங்கு."

"தண்ணி பளிங்காட்டம் இருக்குதுங்க. அடியில படிஞ்சது?"

"வெறும் வண்டல்."

பவளாயி பானைக்குள் கைவிட்டு அந்தச் சேற்றை அள்ளினாள். "கை துடைக்க உங்க துண்டைக் குடுங்க."

கூட்டமே பார்த்தது. மறுக்க முடியாமல் முதலாளி வெள்ளைத் துண்டைக் கொடுத்தார்.

அழுந்தத் துடைத்துவிட்டு, டம்ளர் தண்ணீரிலேயே அதை அலசிப் பிழிந்து விரித்தாள். துண்டு ரோஸ் நிறத்தில் இருந்தது.

"மண்ணு போயிருச்சுங்க. அது மேல சவாரி வந்த உங்க சாயந்தான் இறங்கமாட்டேங்குது."