நாற்காலியில ஊஃபர்

"கொஞ்சம் நகரேன். சவுண்ட மறைக்கிற."

தர்மலிங்கம் இதைச் சொன்னது பொண்டாட்டிகிட்ட. அதுவும் அவங்க கையில டீ தட்டோட நிக்கும்போது. சோஃபாவுல அவரோட பாட்டு கேக்க வர்ற கோஷ்டி மொத்தமும் உக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு.

சௌந்தரம் நகர்ந்தாங்க. தட்டை டீப்பாய் மேல வச்சாங்க. கிச்சனுக்குள்ள போயிட்டாங்க.

அன்னிக்கிலேர்ந்து ஹால் பக்கமே வர்றதில்ல. சாப்பாடு வரும். பேச்சு வராது.

இதுல கொடுமை என்னன்னா, அவ்வளவு பண்ணியும் சவுண்ட் நல்லா இல்ல.

தர்மலிங்கத்துக்கு டைல்ஸ் கடை. கடையிலயே ரொம்ப மினுமினுன்னு இருக்குற ரகமா எடுத்து ஹால் தரை பூரா ஒட்டி, ஆசை அடங்காம பாதிச் சுவர் வரைக்கும் ஏத்திட்டார். அங்க ஒருத்தர் தும்மினா குடும்பமே தும்மின மாதிரி கேக்கும். போதாக்குறைக்கு ஹால் 'ட' மாதிரி மடங்கிப் போயி கிச்சன் வாசல்ல முடியும். அதுக்குள்ள ரெண்டு ஸ்பீக்கர், மூலையில கனமான அடிச் சத்தத்துக்குன்னே ஒரு ஊஃபர் பெட்டி, எதிர்ல அவர் மட்டும் உக்கார ஒத்தை நாற்காலி.

நேரா பர்வீன்கிட்ட போனார்.

பர்வீன் கச்சேரிகளுக்கு சவுண்ட் பாக்குறவங்க. தர்மலிங்கத்தைவிட இருவது வயசாவது சின்னவங்க. ஆனா அவர் "குருவே"ன்னுதான் கூப்பிடுவார். முதல்ல கிண்டலுக்கு ஆரம்பிச்சது. இப்ப நிஜமாயிடுச்சு.

"குருவே, தவில் சத்தம் கும்முன்னு காதை அடைக்குது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"வீட்ல வேற யாரு கேக்குறா?"

தர்மலிங்கம் சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டே நின்னார்.

"முன்னாடி சௌந்தரமும் கேப்பா," ன்னார்.

பர்வீன் வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டாங்க.

ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டினாங்க. சுவரெல்லாம் திருப்பித் தட்டுச்சு.

"கார்ப்பெட் போட்டுரவா குருவே? தடியா திரை? இல்ல புது ஊஃபரே வாங்கிரவா?"

பர்வீன் அதைக் காதுலயே வாங்கல. கிச்சன் நிலைப்படியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. உள்பக்கமா ஒரு குட்டி ஸ்டூல் கிடந்துச்சு.

"அது யாரோடது?"

"சௌந்தரம் கீரை ஆய உக்காருவா. அதை விடுங்க. ஊஃபருக்கு வழி சொல்லுங்க."

"தூக்கி உங்க நாற்காலி மேல வைங்க சார்."

"நாற்காலியிலயா? அப்ப நான் எங்க உக்கார்றது?"

"அதைத்தான் தேடப் போறீங்க. முட்டி போட்டு ஹால் பூரா போங்க. தவில் எங்க சுத்தமா விழுதோ, அங்க சொல்லுங்க."

"இந்த வயசுலயா?"

"கேக்கணுமா வேணாமா?"

ஊஃபர் நாற்காலியில ஏறுச்சு, பர்வீன் தவில் பாட்டை ஓட விட்டாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அம்பத்திரண்டு வயசு மனுஷன் அவர் விரிச்ச டைல்ஸ் மேலயே முட்டி போட்டார். பாவம், அந்தத் தரை எவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு அன்னிக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுச்சு.

மூலைக்குப் போனார். மாடி வீட்டுக்காரங்க பீரோ நகத்துற மாதிரி இருந்துச்சு.

ஜன்னல் பக்கம் போனார். தவில் அடுத்த தெரு கல்யாணத்துக்குப் போயிடுச்சு.

ஷோகேஸ் பக்கம் போனார். உள்ள இருந்த கண்ணாடி டம்ளரெல்லாம் சேந்து வாசிச்சுது.

ஹால் மடங்குற எடத்துல திரும்பி, கண்ணை மூடிக்கிட்டே ஊர்ந்தார்.

சட்டுன்னு நின்னார்.

தவில் அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்து விழுந்துச்சு. கும்மல் இல்ல, இழுவை இல்ல. இத்தனை மாசமா இதுக்குத்தானே அலைஞ்சார்.

"குருவே, இங்கதான். இதேதான்."

கண்ணைத் திறந்தார். மூக்குக்கு நேரா குட்டி ஸ்டூல். அதுல சௌந்தரம். மடியில முருங்கைக்கீரை, பக்கத்துல முறம்.

பின்னாடியிருந்து பர்வீன் குரல் வந்துச்சு.

"ஊஃபரை அந்த எடத்துல வச்சுட்டு நீங்க நாற்காலியில உக்காந்தா, இதே மாதிரி கேக்கும் சார். அங்கேர்ந்து இங்க எப்படியோ, இங்கேர்ந்து அங்கயும் அப்படித்தான்."

தர்மலிங்கம் நிலைப்படியைப் பாத்தார். ஊஃபர் பெட்டி அகலத்தை நினைச்சுப் பாத்தார். சௌந்தரத்தைப் பாத்தார்.

"இங்க வச்சா இவ வெளிய வர வழியே இருக்காதே."

"ஆமா."

"அப்ப என்ன பண்றது?"

அவர் திரும்பிப் பாக்குறப்ப பர்வீன் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாங்க. கேட் சாத்துற சத்தம் கேட்டுச்சு.

தவில் ஓடிக்கிட்டிருந்துச்சு. சௌந்தரம் இலையை உருவிக்கிட்டே இருந்தாங்க, தலை நிமிரல.

"சௌந்தரம்."

"ம்."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச்..."

"கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவர் நகர்ந்தார்.

நாற்காலிக்குப் போக முடியாது, அதுல ஊஃபர் உக்காந்திருக்கு. ஸ்டூலை ஒட்டி, நிலைப்படியிலயே சம்மணம் போட்டு உக்காந்தார். மடியிலேர்ந்து ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பிச்சார்.

சௌந்தரம் அதைப் பாத்தாங்க.

"காம்பு போடாதீங்க," ன்னாங்க. முறத்தை ரெண்டு பேருக்கும் நடுவுல தள்ளி வச்சாங்க.

உங்களையும் யாராச்சும் இப்படி நகரச் சொல்லிருக்காங்களா?